ஊசிக்கு ஒரு புடவைக் கூலி

எனக்குக் கிடைத்த முதல் சம்பள வேலை, குழந்தைக்கு நிமோனியா வந்து மீண்ட வீடுகளுக்குப் போய், அந்த நோயால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்பது. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் சந்தவாசலுக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். இந்தப் படிப்புக்கு எங்கே வேலை கொடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். எனக்கும் தெரியாது. ஓர் ஆய்வுக்காக ஆரணிப் பக்கம் கணக்கெடுக்க ஆள் எடுக்கிறார்கள், சில மாதங்களுக்குத்தான், போகிறாயா என்று கூடப் படித்தவள் கேட்டதும் சரி என்றேன்.

வேலூரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் மேற்பார்வையாளர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். முதல் நாளே நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நிமோனியாவுக்குத் தடுப்பூசி ரொம்ப நாளா இருக்கு. பணக்கார நாட்டுல எல்லாக் குழந்தைக்கும் போடறாங்க. ரொம்ப ஏழை நாடுன்னா, உதவி செய்யறவங்க சேர்ந்து விலையக் குறைச்சு வாங்கிக் குடுக்கறாங்க. நடுவுல இருக்கற நாடுங்க பாடுதான் கஷ்டம். உதவி கேட்டா, உங்ககிட்டதான் காசு இருக்கேன்னு சொல்லிடுவாங்க. சொந்தக் காசுல வாங்கலாம்னா, பொறக்கற அத்தனை குழந்தைக்கும் வருஷா வருஷம் வாங்கணும். ஒரு வருஷம் குடுத்துட்டு அடுத்த வருஷம் இல்லேன்னு சொல்ல முடியாது. அதனால, இவ்வளவு போட்டா எவ்வளவு மிச்சமாகும்னு சர்க்கார் கேக்கும். கேக்கறதுல தப்பில்ல. ஆஸ்பத்திரிச் செலவு ஆஸ்பத்திரில தெரியும். குடும்பம் எவ்வளவு இழக்குதுன்னு குடும்பத்துக்குத்தான் தெரியும். அதக் கேட்டு வர்றதுக்குத்தான் நீங்க."

வகுப்பில் படித்த பாடம் எல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு ஆட்களாகத் தெரிந்தது. இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்விகள் நிறைய இருந்தன. எத்தனை நாள் காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள், யாருடைய வேலை கெட்டது, எதை விற்றீர்கள், எதை அடகு வைத்தீர்கள். கடைசியாக ஒன்று: இந்த நோய் வராமல் தடுக்க ஓர் ஊசி இருந்தால், அதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள்? அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் குரலில் எதுவும் காட்டக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நாம் ஒரு தொகையைச் சொன்னால் அவர்களும் அதையே சொல்லிவிடுவார்களாம்.

காலையில் சந்தவாசலில் பஸ் பிடித்தால் ஆரணி வந்து சேர வெயில் ஏறிவிடும். நெசவுத் தெருக்களுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது. வாசலில் நின்று கத்திக் கூப்பிட வேண்டும். அப்படித்தான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். மருத்துவமனையில் கொடுத்த விவரப்படி, அந்த வீட்டில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை நிமோனியாவில் படுத்து மீண்டிருக்கிறாள்.

உள்ளே ஒரே தறி. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம் வரும் பட்டுப்புடவை அது. அதற்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் ஒரு பக்கம் நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளினால் இன்னொருவர் மறுபக்கத்துக் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இப்போ இல்ல மேடம். வேல கீது."

இரண்டு நாள் கழித்துப் போனேன். அவள் கணவர் வாசல்வரை வந்து, "இன்னிக்கு வேணாம்மா, முகூர்த்தப் பொடவ, ஜல்தி தறிலேர்ந்து அறுத்துக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை போனால் போதும், அடுத்த வீட்டுக்குப் போகலாம், விதியில் இடம் இருக்கிறது என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இதுவரை எனக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். நேரம் இருக்கிறவர்கள். நேரமே இல்லாத வீட்டில்தான் ஒரு குழந்தை படுத்துக்கொண்டால் எல்லாம் நின்றுபோகும். அவர்களை விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டு போகும் கணக்கு, உண்மையைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? இதை அப்படியே மேடத்திடம் சொன்னேன்.

"சரி, போ" என்றார். "இதுக்குத் தனியா நாள் கூலி கேக்காத."

மூன்றாம் தடவை போனபோது நான் வாசலில் நின்றுகொண்டே சொன்னேன்: "அக்கா, நீங்க எழுந்திருக்க வேணாம். நெய்துகினே பேசுங்க. நான் ஓரமா உக்காந்து கேட்டுக்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் தறிக்குப் பக்கத்துத் தூளியில் குழந்தை அழுதது. பிறந்து மூன்று மாதம் இருக்கும் பையன். அவள் காலைத் தறிக்குழியிலிருந்து எடுக்கப் போனாள். நான் முந்திக்கொண்டு போய்த் தூக்கினேன். தோளில் போட்டுத் தட்டியதும் அடங்கினான். அவள் என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தாள்.

"கேளு" என்றாள்.

கேட்டேன். சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னாள். பெரியவளுக்கு முதலில் சளி, அப்புறம் காய்ச்சல். தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு விடியற்காலையில் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே போகிறது. இங்கே காட்டினால் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். அங்கே ஆக்ஸிஜன் வைத்தார்கள். அப்போது இவள் வயிற்றில் பையன். கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில், இவள் கட்டிலுக்குப் பக்கத்தில்.

"ஆஸ்பத்திரில காசு வாங்கல. அது சர்க்காரு. மத்ததுதான் பேஜாரு. தறில பாதிப் பொடவ நின்னுகினு கீது. கல்யாணத்துக்குக் குடுக்கற பொடவ. முதலாளி போன் மேல போன். நாங்க வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க வேற கடையில எடுத்துட்டாங்க. அப்புறம் அறுத்துக் குடுத்தோம். சாதாப் பொடவையாட்டம் வெல போட்டாரு. தறில ஏத்தறதுக்கு அடுத்த பாவு நூலும் குடுக்கல. வேற தறிக்குப் போயிடுச்சுன்னுட்டாரு. பாவு இல்லாம வெறும் தறிய வெச்சிகினு இன்னா பண்றது? இவரு பவர்லூமுக்குப் போனாரு. எனக்கு மாசம் முழுக்க வேல இல்ல."

பக்கத்தில் இருந்த கணவர் நாடாவை நிறுத்தாமல் சொன்னார். "பவர்லூம்ல நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சும்மா. அது வேற பழக்கம்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். நான் நினைத்ததைவிட நன்றாகப் படிப்பாள்.

"அங்க இன்னா எழுதியிருக்க? தாயின் தொழில்?"

"இல்லத்தரசி" என்றேன். அதற்கு முன்னால் போன வீடுகளிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பெரும்பாலும் கணவர்களே அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

தறி நின்றது. திடீரென்று தெருவின் மற்றத் தறிகள் எல்லாம் கேட்டன.

"ஒன் கண்ணு எதிர்ல தறியில ஒக்காந்துகினு கீறேன். இல்லத்தரசின்னு எழுதற."

எனக்கு முகம் சுட்டது. அடித்துவிட்டு நெசவாளர் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் வருமானம் கேட்டிருந்தது. கூலி புடவைக்கு இவ்வளவு என்று கணவர் கையில்தான் வருகிறது. அவள் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். கணவரைப் பார்த்தாள்.

"பாதி" என்றார் அவர். "அவ இல்லாங்காட்டி இந்தப் பொடவ இல்ல."

அப்படியே எழுதினேன். இல்லத்தரசி என்று விட்டிருந்தால் அவள் இழந்த அந்த மாதம் எங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை என்று போயிருக்கும்.

கடைசிக் கேள்வி வந்தது. குழந்தை என் மடியில் தூங்கிவிட்டிருந்தான். சொல்லிக்கொடுத்தபடி குரலில் எதுவும் காட்டாமல் கேட்டேன்.

"அந்த மாதிரி ஊசி கீதா?" என்றாள்.

"இருந்தா எவ்வளவு குடுப்பீங்கன்னுதான் கேள்வி, அக்கா."

"அத அப்புறம் சொல்றேன். கீதா, இல்லையா?"

அவர்கள் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. மடியில் இருந்த பையனைப் பார்த்தேன். அந்த விதியை நான் மீறினேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

"இருக்கு. தனியார் ஆஸ்பத்திரில போடறாங்க. இங்க சர்க்கார்ல இன்னும் வரல. அதக் கொண்டுவரலாமான்னு பாக்கத்தான் இந்தக் கணக்கு."

"இங்க ஆரணில கீதா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

சொன்னேன். ஒரு ஊசியின் விலை, அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு புடவை நெய்தால் வரும் கூலிக்குக் கிட்டத்தட்டச் சமம். அப்படி மூன்று போட வேண்டும், ஒரு வயது தாண்டியதும் இன்னொன்று. கணவர் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தார்.

"பெரியவ பொறந்தப்பவும் இது இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

வாங்க முடியாதவர்களிடம் சொல்லி என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள். அதை அவளிடம் நான் எப்படிச் சொல்வது?

அவள் தறியில் நீளவாக்கில் ஓடிய பாவு நூலைத் தடவினாள். அப்புறம் கேட்டாள்: "இப்போ நீ எத எழுதப் போற? எங்கிட்ட எவ்ளோ கீதுன்னா, கொழந்த எனக்கு எவ்ளோ வேணும்னா?"

எம்.ஏ.வில் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஒரு முழுப் பாடம் படித்தேன். ஆனாலும் தாளில் இருந்ததையே திருப்பினேன். "நீங்க எவ்வளவு குடுப்பீங்களோ அது" என்றேன்.

"ஒரு பொடவக் கூலி. எழுதிக்கோ."

எழுதினேன்.

வாரக் கடைசியில் மேடம் எங்கள் தாள்களைப் பார்த்தபோது அந்தத் தொகையில் விரலை வைத்தார்.

"இது நம்பற மாதிரி இல்லையே. இவங்க வருமானத்துக்கு மத்தவங்க சொன்னதவிட எங்கேயோ இருக்கு. உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லியிருப்பாங்க. இதச் சேத்தா சராசரி கெட்டுடும். எடுத்துடலாம்."

"அவங்க யோசிச்சுத்தான் சொன்னாங்க, மேடம்."

"சொல்றது வேற, குடுக்கறது வேற. நூறு பேரு சொல்லுவாங்க, ஒருத்தர் குடுப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லாப் பாடப்புத்தகத்திலும் அது இருக்கிறது. ஆனாலும் எடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவளே எனக்குப் போன் செய்தாள். அவள் கேட்டு நான் நம்பர் கொடுத்திருந்தேன். "தங்கச்சி, நாளைக்கு வரியா? அந்த ஊசி போடற டாக்டரு கிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றோடு போயிற்று.

பணம் எப்படி வந்தது என்று மறுநாள் டாக்டரிடம் போகிற வழியில் சொன்னாள். முதலாளியிடம் அவளே போயிருக்கிறாள். பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்கிற வியாபாரி அவர். வழக்கமாகக் கணவர்தான் போவார். இவள் போய் நின்றதும் அவர் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டாராம்.

"ஊசிக்கு முன்பணம் வேணும்னேன். சர்க்கார் ஊசி சும்மாதானே போடறாங்கன்னாரு. இது வேற ஊசி, நிமோனியாவுக்குன்னேன். அப்போ அவரு சொல்றாரு, ஆமா, எங்க பேரனுக்குப் போட்டாச்சு, டாக்டரே எழுதிக் குடுத்தாருன்னு. எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலைங்க முதலாளின்னேன். ஒடனே கணக்குப்பிள்ளையக் கூப்ட்டுக் குடுக்கச் சொன்னாரு. அடுத்த பாவுல கழிச்சுக்கலாம்னாரு. பாதிக் கூலிதான் கழிக்கணும், முழுசாக் கழிச்சா சோத்துக்கு இன்னா பண்றதுன்னு சொன்னேன். சரின்னாரு."

டாக்டர் நல்ல மனிதர். பையனை எடை பார்த்தார், அவள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். குளிர்பெட்டியிலிருந்து ஊசி மருந்தை எடுத்து அவளிடம் காட்டினார். பையன் ஒரு வினாடி மூச்சைப் பிடித்துவிட்டு அழுதான். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் அவன் தொடையை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் வரச் சொன்னார். "வருவேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "அந்தத் தொகை இருக்கட்டும்" என்றார். பிறகு அவராகவே கேட்டார்: "தொழிலுக்கு நெசவாளர்னு எழுதியிருக்கியே, மத்த வீட்ல எல்லாம் இல்லத்தரசின்னு இருக்கு. அங்கயும் நெய்யறாங்களா?"

"நெய்யறாங்க, மேடம். நான்தான் சரியாக் கேக்கல."

"அப்போ திரும்பிப் போய்க் கேளு."

போனேன். முடித்துவிட்ட வீடுகள் எல்லாவற்றுக்கும் மறுபடியும் போனேன். சில இடங்களில் கணவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒருவர், "தார் சுத்தறது எல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று கேட்டார். நாடாவுக்குள் வைக்கும் நூலை அவர் மனைவிதான் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவங்க சுத்தலன்னா யார வெச்சு சுத்துவீங்க?" என்று கேட்டேன். "ஆளு வெக்கணும்" என்றார். "அந்த ஆளுக்குக் கூலி எவ்வளவு?" சொன்னார். அதை எழுதிக்கொண்டேன். இந்த வழியைப் பிறகு மற்ற ஊர்களில் கணக்கெடுத்தவர்களுக்கும் மேடம் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கும்போது கொரோனா வந்து ஊரை அடைத்துவிட்டார்கள். கல்யாணங்கள் நின்றன. பட்டு யார் வாங்குவார்கள்? முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்தினார். எங்கள் வேலையும் பாதியில் நின்றது. நான் கிராமத்தில் இருந்தேன், பஸ் கிடையாது. அவள் போன் செய்தாள்.

"தெருவுல ஒரு தறி ஓடல. காது அடச்சாப்ல கீது. ரெண்டாவது ஊசி போடாட்டி மொத ஊசி வீணாப் போயிடுமா? அத மட்டும் கேட்டுச் சொல்லு."

டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஆனால் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்றார். அவளிடம் சொன்னேன். "சரி, அப்போ வழி கீது" என்று வைத்துவிட்டாள்.

அந்த மாதங்களில் கணவர் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுப் பக்கம் காய்கறி வண்டியோடு போனார். அவள் வாசலில் இட்லி சுட்டு விற்றாள். முகூர்த்தங்கள் மெல்லத் திரும்பிய பிறகு, சின்ன அளவில் ஒரு பாவு வந்தது. அதை அறுத்த மறுநாள் பையனைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாவது ஊசியைப் போட்டிருக்கிறாள். டாக்டர் தான் வாங்கின விலைக்கே கொடுத்தாராம். பையன் கொஞ்சம் வளர்ந்துவிட்டதால் மூன்றுக்குப் பதில் இரண்டே போதும், ஒரு வயதுக்கு மேல் போடுவது மட்டும் பாக்கி என்றாராம். அதையும் அடுத்த பொங்கல் முடிந்து போட்டு முடித்தாள். நான்கு புடவைக் கூலி போயிருக்க வேண்டியது. மூன்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு சில மாதங்களில் சர்க்கார் அந்த ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொண்டுவந்தது. எங்கள் கணக்கால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் கணக்குப் போட்டார்கள், உள்நாட்டிலேயே தயாரித்த ஊசி வந்து விலையும் இறங்கியது. ஊர் திறந்த பிறகு முடித்த எங்கள் அறிக்கையை ஒரு கூட்டத்தில் மேடம் வாசித்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நெய்யும் பெண்களின் வேலையைச் சேர்த்தது சரியா என்று ஒருவர் கேட்டார். மேடம், "சேர்க்காமல் இருந்தால்தான் தப்பு" என்று சொல்லி, ஏன் என்று நிதானமாக விளக்கினார். கேட்டவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

ஊசி வந்த செய்தியை அவளுக்குச் சொன்னேன். அவள் பையன் அதற்கான வயதைத் தாண்டிவிட்டான், அவனுக்கு அது இனி தேவையும் இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க போடறாங்க?" என்றுதான் கேட்டாள்.

பிரச்சினை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அந்தத் தெருவில் கைக்குழந்தை இருந்த வீடுகளில் பாதிப் பேர் புது ஊசி வேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே ஒரே நாளில் இரண்டு ஊசி. மூன்றாவதும் குத்தினால் குழந்தைக்கு ஜுரம் வரும், ராத்திரி முழுக்க அழும், மறுநாள் தறியில் உட்கார முடியாது. ஊசி போடுகிற நாள் புதன்கிழமை. அன்றைக்கும் போய் வரிசையில் நின்றால் இரண்டு நாள் கூலி போகும். ஊசி இலவசம்தான், அதைப் போட்டுக்கொள்வது இலவசம் இல்லை. இன்னொரு பேச்சும் ஓடியது. ஆயிரக்கணக்கில் வாங்குகிற மருந்தைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் அது பழைய மருந்தாகத்தான் இருக்கும்.

அந்தப் பகுதிக்கு வருகிற நர்சம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டார். அவள் ஒரு நாள் நர்சம்மாவைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, "அமாவாசைக்கு இங்க வந்து போடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். அமாவாசையன்று அந்தத் தெருவில் கைத்தறி ஓடாது. மறுநாள் குழந்தை அழுதாலும் ஒரு நாள்தான் போகும்.

"புதன்கிழமதாம்மா ரூலு" என்றாராம் நர்சம்மா.

"ரூலு போட்டவங்களுக்கு அமாவாசை தெரியாது. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நர்சம்மா சுகாதார நிலையத்து டாக்டரிடம் கேட்டார். அந்த இளம் டாக்டர், தெருவுக்கே போய்த் தனியாக ஒரு முகாம் நடத்தலாம், பத்துக் குழந்தைகளாவது வருவார்கள் என்று உறுதி சொன்னால் ஏற்பாடு செய்கிறேன் என்றார். அவள் உறுதி சொன்னாள். அதன் பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

"சொல்லிட்டேன் தங்கச்சி. இப்போ பத்துக் கொழந்தைய நான் சேக்கணும். நீயும் வா."

வேலூரில் வேறொரு வேலையில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்தேன்.

தெருக்கோடியில் நெசவாளர் சங்கத்து மண்டபம். எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். வந்திருந்த குழந்தைகள் கொஞ்சம்தான். நர்சம்மா குளிர்பெட்டியைத் திறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டு மருமகள் குழந்தையோடு வந்தாள். முதல் பிரசவம். நின்றுகொண்டே கேட்டாள்.

"மத்த ரெண்டும் போடுங்க. புது ஊசி வேணாம். வீட்ல வேணாம்னு சொல்லியனுப்பிச்சாங்க."

நர்சம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா தன் பெரியவளைக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஸ்கூல் போகிற வயதாகிவிட்டிருந்தது. பையனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"இவளத் தெரியுமில்ல. வேலூர்ல மூக்குல குழா வெச்சிகினு படுத்திருந்தா. நீ கல்யாணமாகி வரதுக்கு முன்ன. இந்தத் தெருவே பாத்துது. இவளுக்கு இந்த ஊசி போடல, எனக்குத் தெரியாது. இவனுக்குப் போட்டேன். ஒரு ஊசிக்கு ஒரு பொடவ நெஞ்சேன். ரெண்டு பேரு ஒக்காந்து நெய்யற பொடவ. அதே ஊசிதான் இது. பழசு இல்ல. நீ ஒண்ணும் நெய்ய வேணாம், கொழந்தையக் குடு, போதும்."

"ஜுரம் வந்தா?"

"வரும். நர்சம்மா மருந்து குடுப்பாங்க. நாளைக்கு ஒன் கொழந்தைய நான் பாத்துக்கறேன், நீ தறில ஒக்காரு. எந்தத் தறி நின்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு."

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. அந்த மருமகள் மாமியாருக்குப் போன் செய்தாள். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். போனில் நீண்ட பேச்சு. கடைசியில் வந்து உட்கார்ந்து குழந்தையின் காலை நீட்டினாள். நர்சம்மா மூன்றையும் போட்டார். அந்த மருமகள் வீட்டுக்குப் போன சிறிது நேரத்தில் அதே வரிசையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் ஒரு அப்பா தனியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் டாக்டரிடம் சொன்ன எண்ணிக்கை தாண்டிவிட்டது.

மறுநாள் அக்கா வீட்டில் தூளிகள் மூன்று கட்டியிருந்ததாகக் கணவர் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவர்கள் புடவை ஒரு சாண்கூட ஏறவில்லையாம்.

அந்தத் தெருவில் இப்போது அமாவாசை முகாம் வழக்கமாகிவிட்டது. நிமோனியா ஊசி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அநேகமாக இல்லை. புதிதாக வந்த மருமகள்களுக்கு அது ஒரு காலத்தில் காசுக்கு விற்ற ஊசி என்பதே தெரியாது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஆரணி போனபோது அவளைப் பார்த்தேன். பெரியவள் உயரமாக வளர்ந்துவிட்டாள். மூச்சுக் கஷ்டம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாளாம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எந்த ஊசி பணம் கீறவங்களுக்கு மட்டும் கீது?" என்று கேட்டாள்.

பெண் குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, பின்னாளில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுக்கும், தனியாரில் விலை அதிகம், சர்க்காரில் கொண்டுவரும் ஏற்பாடு நடக்கிறது என்றேன். எந்த வயதில் போட வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நர்சம்மாவ நாளைக்கே கேக்கறேன்" என்றாள். "வர வரைக்கும் மாசா மாசம் கேப்பேன். வரலன்னா முன்பணத்துக்கு முதலாளியப் பாக்கணும்."

எழுந்து டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுத் தறிக்குப் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது சத்தம் ஆரம்பித்துவிட்டது.